மிச்சம் அக்கா

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மிச்சம் அக்கா என்றால்தான் ஆஸ்பத்திரியில் காவலாளிக்குக்கூடத் தெரியும். இரண்டாம் மாடியில் நடக்கும் மருந்து ஆய்வில் சேர்ந்தவர்கள் மாதாமாதம் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதைத் தட்டில் கொட்டி, மிச்சம் எத்தனை என்று எண்ணி எழுதுவது அவள் வேலை. நான் பக்கத்து மேசையில் ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறவன். ஆறு வருடம் அவள் எண்ணுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன்.

சர்க்கரைக்காரர்களுக்கு இதயம் சீக்கிரம் மக்கர் செய்யும். வைட்டமின் ஈ கொடுத்தால் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. அதுவும் எல்லோருக்கும் அல்ல, ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட புரத வகை இருப்பவர்களுக்கு மட்டும். பாதிப் பேருக்கு நிஜ வைட்டமின், மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். இரண்டும் ஒரே மஞ்சள் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அக்காவுக்கும் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அவள் ரத்தமும் அதே வகை. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டுமா என்று டாக்டரைக் கேட்டாள். விடை தெரியாமல் போடாதே, சிலருக்குக் கெடுதலாகக்கூட முடியலாம் என்றார் அவர். அதனால் தன் நெஞ்சுக்கான விடைக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். ஒரு எண் தப்பினால் விடையும் தப்பும் என்று அவளுக்குப் பயம்.

டப்பாவில் முப்பத்தைந்து மாத்திரை. முப்பது நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஐந்து மிச்சம் இருக்க வேண்டும். யாருக்கும் தொடர்ந்து ஐந்து இருந்ததில்லை. மறதிக்காரருக்கு ஒன்பது, பயந்தவருக்கு இரண்டு. சாக்கடையில் கொட்டிவிட்டு வருகிறவருக்குப் பூஜ்யம். எண்ணிக்கையைப் பார்த்தே வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள்.

ஒரு பஸ் ஓட்டுநர் இருந்தார். எப்போதும் வேலையில் இருப்பார். டப்பாவை மனைவிதான் கொண்டுவருவாள். மிச்சம் எப்போதும் பதினொன்று. மறதியிலும் ஒரு ஒழுங்கு இருக்கிற மனுஷன் என்று நாங்கள் சிரிப்போம். திடீரென்று ஒரு மாதம் ஐந்து வந்தது. அடுத்த மாதமும் ஐந்து. அதற்கடுத்தும் அதே ஐந்து. நாங்கள் பாராட்டினோம். அக்கா மட்டும் தட்டை வெறித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒருமுறை அக்கா ஓட்டுநர் வீட்டுக்குப் போன் செய்வாள். அவர் எப்படி இருக்கார், நெஞ்சு வலி உண்டா என்று கேட்பாள். நல்லா இருக்கார், வலி எதுவும் இல்லை, இப்பதான் குளிக்கப் போனார் என்று மனைவி சொல்வாள். அக்கா எழுதிக்கொள்வாள். இப்படி எட்டு மாதம் ஓடியது. வருடப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. அதனால் ஒரு நாள் வேலைக்கு வரும் வழியில், காலை எட்டு மணி அடித்ததும், அக்கா அவர் வீட்டுக்குப் போனாள்.

இனி சொல்வது அவள் என்னிடம் சொன்னது. அவள் கதை கட்டுகிறவள் இல்லை.

வாசலில் பாலிஷ் போட்ட செருப்பு. கதவில் மாட்டிய, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. வீடு முழுக்க அப்போதுதான் யாரோ முகம் மழித்த மாதிரி சோப்பு வாசனை. மனைவி உள்ளறைப் பக்கம் திரும்பி, "உங்களைப் பாக்கத்தான் வந்திருக்காங்க" என்றாள். அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். கட்டிலில் ஒருவர் படுத்தெழுந்த குழிவு. மேசையில் டம்ளரில் தண்ணீர், பக்கத்தில் டப்பா, அதன் மூடியில் ஒரே ஒரு மஞ்சள் மாத்திரை. ஆள் இல்லை.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது என்றாள் மனைவி. பஸ்ஸை ஓரம் கட்டி, பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்தவர் எழவில்லை. பயணிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அப்ப மாத்திரையை யாரும்மா சாப்பிடறது?"

"அவர்தான். எட்டு மணிக்கு மூடியில வைப்பேன். நான் குளிச்சிட்டு வந்து பாத்தா இருக்காது. உயிரோட இருந்தப்ப மறந்துடுவார். இப்ப ஒரு நாள் தவறறதில்லை."

அந்த அம்மாவே முழுங்கியிருப்பாள், வேறென்ன என்றேன் நான். அக்கா அடுத்த டப்பாவைத் தட்டில் கொட்டினாள்.

ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கோபமாகத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு சாவு கணக்கில் வராவிட்டால் எத்தனை பேர் நெஞ்சுக்குத் தப்பான விடை போகும் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவள் நெஞ்சும் ஒன்று. அந்த அம்மா அழவில்லை.

"எல்லாரும் அவர் எப்படிப் போனார்னு கேட்டாங்க அக்கா. நீங்க ஒருத்தர்தான் எப்படி இருக்கார்னு கேக்கறீங்க."

அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டாள். மூடியில் இருந்த மாத்திரையை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. அதை மூடியோடு அங்கேயே விட்டுவிட்டு, டப்பாவின் வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே டாக்டரிடம் சொன்னாள். எட்டு மாதத்து வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, இறந்த தேதியை எழுதினாள். "மாத்திரையை எண்ணினேன், ஆளை எண்ணாம விட்டுட்டேன்" என்றாள். டப்பாவில் இருபத்திரண்டு இருந்தது. ஒன்று வீட்டில் விட்டுவந்தேன் என்று பக்கத்தில் எழுதினாள்.

அடுத்த மாதம் ஓட்டுநருக்குப் போன் செய்யும் நாள் வந்தது. பட்டியலில் அவர் இல்லை. அக்கா எண்ணைச் சுழற்றினாள். ஆள்தான் இல்லையே அக்கா என்றேன். தெரியும் என்றாள்.

"அவர் எப்படி இருக்கார்?" என்று வழக்கமான குரலில் கேட்டாள்.

வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்தாள். என்ன சொன்னாங்க என்றேன்.

"நான் வந்த அன்னைக்கு மூடியில இருந்தது, இன்னும் அப்படியே இருக்காம். தினமும் எட்டு மணிக்குத் தண்ணி வைக்கிறாங்களாம். யாரும் எடுக்கலையாம்."

மூடி வைத்த அவருடைய ஃபைலைத் திறந்தாள். அடித்த வரிகளுக்கெல்லாம் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி எழுதினாள். மிச்சம் ஒன்று. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.