மூன்றாம் அறிக்கைக்கு முந்தின படம்

சித்தியின் கல்யாணத்துக்கு இரண்டு ஞாயிறு அறிக்கை வாசித்தாகிவிட்டது. எங்கள் சபையில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்ட பிறகுதான் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. சித்தி விரும்பியதோ ஆலயத்துக்கு மைக்செட் கட்டுகிறவரை. இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிதான் அவருடைய சொத்து. சித்தியின் அப்பா, எனக்குப் பாட்டா, அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

அந்த வாரம் பெரியப்பா ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் சிடி கொண்டுவந்தார். யூதர் படம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். யூதர் என்றால் வேதாகமப் படம்தானே என்று, இரண்டாம் அறிக்கை வாசித்த ஞாயிறு சாயங்காலமே ஆலயத்து ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, படத்தைப் போட்டார்கள். பேச்சு யூதர்கள் பேசுகிற யிட்டிஷ் மொழி. கீழே இங்கிலீஷில் எழுத்து வரும். காலேஜ் படித்த சித்தி அதை மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது. கரண்டு போய்விடக் கூடாதே என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன்.

படத்தில் ஒரே சேறு, ஓட்டை வீடுகள். ஒரு மில்காரன் மகள். அவளை விரும்புகிற, தண்ணீர் சுமக்கும் ஏழை.

“இயேசு எப்பம் வருவாரு மக்கா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“இந்த ஊருக்கு ரோடு போட்ட பொறவு வருவாரு,” என்றார் பெரியப்பா.

கடைசியில் மில்காரன் வேறொரு பணக்காரனுக்கு மகளை நிச்சயித்தான். அவள் நமக்கு முதுகு காட்டி அப்பன் முன்னால் நின்றாள். அதுவரை பைபிள் தமிழில் சொல்லிவந்த சித்தி, “எப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அவருகூட கஞ்சித்தண்ணி குடிச்சிட்டுக் கெடந்துக்கிடுவேன்,” என்றாள்.

மைக்செட்காரர் குனிந்து ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“பாவம் பிள்ள. இவனெல்லாம் ஒரு தகப்பனா,” என்றார் பெரியப்பாவிடம்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் அறிக்கை. தடை உண்டா என்று போதகர் கேட்டார். யாராவது எழுந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்று நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. தோவாளைப் பூச்சந்தையில் மாலை வாங்கி, துபாய் மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. அதற்கும் மைக்செட் கட்டியது அந்த மைக்செட்காரர்தான்.

போன மாதம் என் மகள் அந்தப் படத்தை எப்படியோ தேடிப் போனில் காட்டினாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் ஓடாது. ஆனால் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்தப் படிப்பு போதும். அந்த இடத்தில் கீழே ஒன்றும் இல்லை. பேச்சுச் சத்தமும் இல்லை. அந்தப் பெண் முதுகு காட்டி நிற்கிறாள், அவ்வளவுதான். மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

சபை முழுக்கக் கேட்க, மைக்கில்தான் சித்தி சொல்லியிருக்கிறாள். அன்று எனக்கிருந்த கவலையெல்லாம் கரண்டு போய்விடக் கூடாது என்பது மட்டும்.