அடுப்பறையில் காயவைத்த சீமெந்துக் கல்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஈரம் என்றாலே பயம். தூளில் ஈரம் பட்டால் பூத்துப்போகும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அந்தப் பயத்தில்தான் அப்படி ஒரு பிழை செய்தேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், நானுஓயாவுக்கு மேலே. அங்கே கட்டடம் என்றால் கருங்கல்லும் சுண்ணாம்பும், மேலே தகரமும்தான். ஒரு மூட்டை சீமெந்துக்குப் பெர்மிட் கேட்டு அலைந்த காலம் அது. பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின. ரயில் ஸ்டேசனில் சீமெந்து மூட்டை மூட்டையாக இறங்கியது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகப் புதுப் பிள்ளைக்காம்பரா கட்டப்போகிறார்கள், அதுவும் சீமெந்துக் கல்லால் என்றார்கள். கல் அறுக்க இரும்பு அச்சு வந்தது. கூடவே காலி ஊர்ப் பக்கத்திலிருந்து கொத்து வேலை தெரிந்த ஒரு சிங்கள மேசன் பாஸும் வந்தார்.

அந்த வருடம் சறுக்கி விழுந்ததில் என் முழங்கால் போயிருந்தது. கொழுந்து பறிக்க மலை ஏற முடியாது. வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார், இரண்டு பெண்பிள்ளைகள். வேலைக்காரர் பெயர் எழுதும் செக்ரோலில் பெயர் இல்லையென்றால், தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் போய்விடும்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார்: "ரெண்டு கிழம கல்லு அறுத்துப் பாரு. சரிவரலேன்னா பேர வெட்டிருவேன். பொறகு என்னையச் சொல்லக் கூடாது."

என்னோடு வேலைக்கு நின்றவள் பக்கத்துக் காம்பராக்காரி, வாய்க்காரி. பாஸ் எங்களை 'நங்கி' என்பார், சிங்களத்தில் தங்கச்சி. இரண்டு நாள் கலவை போட்டுக் காட்டிவிட்டு, வீட்டில் ஏதோ விசேஷம் என்று ஊருக்குப் போனார். அன்றைக்கே மூடுபனி இறங்கியது. அறுத்து வைத்த கல்லெல்லாம் நனைந்து கருத்துக் கிடந்தது.

"அக்கா, இந்தக் கல்லு காயாது. நம்ம ரெண்டு பேரையுந்தான் காயப் போடப் போறாங்க" என்று அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசனை சொல்லிப் பழக்கமில்லாத நான்தான் அன்று சொன்னேன்: "பெக்டரி அடுப்பறைக்குக் கொண்டு போவமா?"

கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கொழுந்துக்கு அனல் போகும் சுவரோரம் அடுக்கினோம். மூன்றாம் நாள் எல்லாம் வெளுத்துக் காய்ந்திருந்தன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாஸ் திரும்பி வந்து ஒரு கல்லை எடுத்து, மூலையைப் பெருவிரலால் அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. பின்னாலேயே கண்டாக்கையா நின்றார்.

"இது என்னா, கல்லா? தேத்தண்ணிக்குத் தொட்டுத் திங்கிற ரஸ்கா? யாரு வேல இது?"

நான் உதிர்ந்த தூளைக் காலால் ஒதுக்கினேன். வாய்க்காரியும் தரையைப் பார்த்தாள்.

பாஸ் சொன்னார்: "என் பிழை ஐயா. நான் சொல்லிக் குடுக்க இல்ல. நங்கிக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஒரு கிழம தாங்க."

கண்டாக்கையா முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நங்கி, இது தேயிலை இல்ல. சீமெந்து தண்ணி குடிக்கணும். ஏழு நாள் குடிச்சாத்தான் கல்லு."

அந்தக் கிழமை ஏழு நாளும், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் புதுக் கல்லின் மேல் போட்டேன். பிள்ளைக்குப் போர்த்துவதுபோலத்தான் போர்த்தினேன். நான் பயந்த பனியும் தூறலும் எங்களோடு சேர்ந்து வேலை செய்தன.

தவணை முடிந்த அன்று கண்டாக்கையா ஒரு கல்லை இடுப்பளவு தூக்கிப் படிக்கட்டில் போட்டார். கல் உருண்டுபோய்ப் புல்லில் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

"ம்... நாளைக்கும் பேரு குடுக்கப் பெரட்டுக்கு வா" என்றார்.

பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை ஏறியதும் பாஸ் அரபு நாட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த நேரம் மேசன்மாரெல்லாம் அப்படித்தான் போனார்கள். போகிற அன்று தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு தோட்டத்தில் என்ன கட்டினாலும் கல் அறுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் அந்த லயத்துக் காம்பராவில் இருந்தே கட்டிக்கொடுத்தேன்.