மூச்சு விட்ட புற்று

கறையான் புற்றும் மூச்சு விடும் என்று என் தம்பி எங்கோ வாசித்துவிட்டு, அதையே சிற்பமாகச் செய்யத் தொடங்கினான். அரியாலையில் எங்களுக்கும் அடுத்த வளவு மாமிக்கும் பொதுவான கிணற்றடியில் கம்பிக் கூடு கட்டி, பனந்தும்பு சுற்றி, அசல் புற்றுமண் பூசினான். உள்ளே சைக்கிள் ரியூப்பில் வெட்டிய நுரையீரல், பழைய மின்விசிறி மோட்டர், ஆள் கிட்ட வந்தால் கண்டுகொள்ளும் சென்சர். யாராவது நெருங்கினால் புற்று 'புஸ்' என்று மூச்சு விடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மின்சாரம் நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து வயர் மூட்டொன்றைப் பிரித்து மறுபடி முறுக்கிய தம்பி, மேலே சுற்ற இன்சுலேசன் ரேப் இல்லையென்று பிளக்கைக் கழற்றாமலே கடைக்குப் போய்விட்டான்.

திடீரென்று மின்சாரம் வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியில் விசிறி சுற்றியது. கிணற்றடியில் 'புஸ்' என்றது.

ஜன்னலால் பார்த்தேன். கொழும்பில் மகளோடு நின்றுவிட்டு முதல்நாள்தான் திரும்பியிருந்த மாமி, குளித்த ஈரத்தில், வெறுங்காலோடு, புற்றுக்கு முன்னால் நின்றார். கையில் பால் செம்பு.

"மாமி, ஊத்தாதேங்கோ! உள்ளை கறண்ட்!"

"சத்தம் போடாதை பிள்ளை. நாகம்மா மூச்சு விடுறா."

முன்வாசலுக்கு ஓடி மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தேன். விசிறி நின்றது. கிணற்றடியில் ஒரு சத்தமும் இல்லை.

"நீ கத்தினதிலை அவ மூச்சை அடக்கிப்போட்டா," என்று மாமியின் குரல் கேட்டது. நான் கிணற்றடிக்கு ஓடினேன்.

"உது தம்பி செய்த மெசின், மாமி."

"மெசினுக்கு நான் வந்தது எப்பிடித் தெரியும்? விசர்க்கதை."

செம்பு வெறுமையாக இருந்தது.

தம்பி வந்து, மண்ணைக் கிளறிப் பார்த்தான். பால் கம்பியில் வழிந்து, ரேப் சுற்றாத மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளிறியதை மாமி கண்டுவிட்டார்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? கறண்ட் இருந்திருந்தா எனக்கு என்ன நடந்திருக்கும்?"

"தண்ணி குடியுங்கோ மாமி," என்றான் தம்பி.

மாமி குடிக்கவில்லை. ஈரத்தில் நின்ற தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாக, மெதுவாக, காய்ந்த நிலத்துக்கு எடுத்து வைத்தார்.