ஒரு ஜீப்புக்கு ஒரு ஓட்டு

இரண்டாயிரத்து மூன்றில் பொறியியல் முடித்துவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பியபோது என் கையில் வேலை இல்லை, ஒரு குழு இருந்தது. திராட்சை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் முப்பது நாற்பது பேர், மதுரையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிதறிக் கிடந்தவர்கள், ஒரு மெயில் லிஸ்ட் நடத்திவந்தோம். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். முந்தைய நாள் பேச்சு முழுவதும் விடியற்காலையில் ஒரே மடலாகத் தொகுத்தும் வரும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் பேசிக்கொண்டோம். கொடி வெட்டும் கவாத்து, மருந்து, மழை, நடுவில் யாருடைய கல்யாணமாவது.

எனக்கு அது போதவில்லை. போன மாதம் சொன்ன பதிலைத் தேடி எடுப்பதற்குள் உயிர் போகும். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள். வெப் ஃபோரம் என்றால் தலைப்புத் தலைப்பாக அடுக்கலாம், நோய் பிடித்த இலையைப் படம் எடுத்துப் போடலாம். இலவச இடம் ஒன்றைப் பிடித்து, ஒரு வாரம் உட்கார்ந்து ஃபோரத்தை நிறுவிவிட்டேன். பச்சையும் ஊதாவுமாக அது திறந்தபோது, அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவை அழைத்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆளுக வருவாகளா?" என்றார்.

வரவைக்க லிஸ்டிலேயே ஓட்டெடுப்பு வைத்தேன். ஃபோரத்துக்கு இருபத்திரண்டு, மெயிலுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று பக்கத்து ஊரான கூடலூர் முகவரி. கொடி வெட்டுவது பற்றி யார் என்ன கேட்டாலும் மறுநாள் சரியான பதில் அங்கிருந்துதான் வரும். அன்று வந்தது ஒரே வரி: "மெயிலே இருக்கட்டும். இங்கன அதுதான் தோது." ஒரு ஓட்டு என்று குறித்துக்கொண்டு, மறுநாள் லிஸ்டை மூடினேன்.

ஃபோரத்தில் முதல் பத்து நாள் திருவிழா. வணக்கம் சொன்னார்கள், பெயருக்குக் கீழே படம் வைத்தார்கள். அதற்குள் தொடர்மழை பிடித்து, எங்கள் பந்தலில் இலைக்கு அடியில் வெள்ளை பூத்தது. செவட்டை நோய். அத்தா கேட்டது ஒன்றுதான்: "கூடலூர்ல என்ன சொல்றாக?"

படத்தோடு கேள்வியைப் போட்டேன். "எங்க தோட்டத்துலயும்" என்று நான்கு பேர் எழுதினார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். கூடலூர் வரவில்லை. ஃபோரத்தில் அவர்கள் சேரவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். தனியாக மெயில் அனுப்பினேன். "காலையில ஆறரைக்குள்ள நேர்ல வா" என்று பதில் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தாவும் நானும் போனோம். பையில் நாலு இலை. முகவரி, ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். முன்பெல்லாம் விடிந்ததும் டயல் செய்து, தொகுப்பு மடலை ஒரே மூச்சில் இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு அச்செடுப்பாராம். அந்தத் தாள்கள் கவாத்து வெட்டப் போகிற பெண்கள் ஏறும் ஜீப்புக்குப் போகும். ஆங்கில எழுத்துத் தெரிந்த ஒருத்தி சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தோட்டம் போய்ச் சேரும்வரை விவாதம் செய்வார்கள். சாயங்காலம் இறங்கியதும் பதிலைச் சொல்ல, அவர் அடித்து அனுப்புவார்.

"உன் ஃபோரத்துல ஒரு பக்கம் தெறக்கறதுக்குள்ள ஜீப்பு குமுளி போயித் திரும்பிரும்," என்றார்.

"இதையெல்லாம் அப்பவே எழுதியிருக்கலாம்ல? ஒரு வரிதான எழுதுனீங்க?"

"நீ ஒரு வரியிலதான கேட்ட?"

அதற்குள் ஜீப் நிறைந்துவிட்டது. பெண்களுக்குத் தலைவிபோல் இருந்த அக்கா முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, எங்கள வெளிய விட்டுக் கதவச் சாத்துன புள்ள நீதானா?"

"நான் சாத்தலக்கா. ஓட்டு வச்சுத்தான்..."

"எங்களுக்கு எத்தன ஓட்டு?"

"ஒண்ணு."

ஜீப்பே குலுங்கச் சிரித்தது. "பதினோரு பேரு இருக்கோம். ஒரு ஜீப்புக்கு ஒரு ஓட்டாம்டி!"

நான் பையிலிருந்து இலையை எடுத்தேன். அக்கா கையை நீட்டி இலையை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். "பந்தலுக்குள்ள காத்துப் போகல. அடைஞ்ச எலையக் கிள்ளி எடுத்துட்டு மருந்து அடிங்க. எடுக்காம அடிச்சா மருந்து மேலாக்கத்தான் நிக்கும்." அத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டிரைவர் ஹாரனை அழுத்தினார்: "ஓட்டு எண்ணுனது போதும், போவமா?"

திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். செய்தேனே தவிர, மனசு கேட்கவில்லை. அந்தப் பச்சையும் ஊதாவும் என் ஒரு வார உழைப்பு. வீட்டுக்கு வந்து ஃபோரத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். ஜீப், தாள், பதினொரு பேர், நான் தப்பாக எண்ணியது. லிஸ்டுக்கே திரும்பலாம், இலைப் படங்களுக்கு மட்டும் ஃபோரம் இருக்கட்டும் என்றேன். பெங்களூர்க்காரன் ஒருவன், "நாம பின்னால போறோம்" என்று முணுமுணுத்தான். துபாயில் இருந்த ஒருவர் அதற்கு, "அந்த அக்கா பேசுவாகன்னா நான் தபால் கார்டுக்குக்கூடப் போவேன்" என்று எழுதினார். அதன்பின் யாரும் எதிர்க்கவில்லை.

கூடலூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வந்து பார் என்று கூப்பிட்டார்கள். கேலி செய்தார்கள், அந்தக் கேலியோடேயே எங்கள் இலையையும் பார்த்துச் சொன்னார்கள். எங்கள் பந்தலில் அந்த வருடம் பாதிக்கு மேல் தேறியது. ஆனால் நான் நன்றி சொல்வது அதற்கு மட்டுமல்ல. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று முகவரியை வைத்து எண்ணக்கூடாது என்பதை, ஒரு கடுஞ்சொல் இல்லாமல் எனக்குப் புரியவைத்தார்கள்.

லிஸ்ட் திறந்த மூன்றாம் நாள் கூடலூரிலிருந்து வந்தது பதில் இல்லை, கேள்வி. "மழையே பேயாத துபாயில கொடி நட்டா நிக்குமா? நட்டுப் பாத்த ஆளு இருக்காகளா?" அதுவரை அதிகம் எழுதாத வளைகுடாக்காரர்கள் எல்லாம் பால்கனித் தொட்டியில் நட்டதையும், அது கருகியதையும், ஒன்றே ஒன்று பிழைத்ததையும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் எனக்குத் தனியாக எழுதினார்:

"பேப்பர் கட்டு தீந்துருச்சு. கொஞ்சம் சுருக்கமாப் பேசச் சொல்லும்மா. ஆனா நிறுத்திராதீக, ஜீப்புல சண்ட போடுவாக."