ஆக்கள் நிறைந்த வீடு

சுகிர்தத்துக்கு அந்த அனுமதி கிடைத்தே ஆகவேண்டியிருந்தது. கிடைத்தால், விடியுமுன் எழுந்து லா ஷப்பல் நிலையத்தில் முதல் மெத்ரோ ரயிலைப் பிடித்து, யாரோ வந்து உட்காரப்போகும் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து துடைக்கும் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். வீட்டில் இருந்தபடியே இரண்டு குழந்தைகளைப் பார்க்கலாம். ஆனால் இந்த நாட்டில் அடுத்தவர் பிள்ளையைச் சம்பளத்துக்குப் பார்ப்பதென்றால் அரசாங்கம் 'அக்ரெமோ' என்றொரு அனுமதி தரவேண்டும். அதற்கு முன் ஆள் வந்து வீட்டையும் பார்க்கும், அவளையும் பார்க்கும். இடுப்பு போன பிறகுதான் அவளுக்கு இந்த யோசனையே வந்தது.

ஆயத்தத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. யன்னலுக்குப் பூட்டுப் போட்டாள். மருந்துகளை அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். மடு மாதா படத்துக்கு முன்னால் எரியும் மெழுகுதிரியை எடுத்துவிட்டுப் பற்றரி விளக்கு வைத்தாள். மாதா கோபிக்கமாட்டா என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சொல்லவேண்டிய பிரெஞ்சுப் பதில்களை வேலைத்தலத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே பாடமாக்கினாள். அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. ஆள் வந்து வீடு பார்க்கிறது என்றால் அவளுக்குத் தெரிந்தது பெண் பார்க்க வருவது ஒன்றுதான். அன்றைக்கு வீடு கொள்ளாமல் ஆக்கள் இருக்கவேண்டும். நாலு பேர் இல்லாத வீட்டை யார் மதிப்பார்கள்? ஆகவே ஸ்தேன் என்ற ஊரில் இருக்கும் புருஷனின் தங்கை ஜெனிற்றாவை வரச்சொன்னாள். கீழே கடை வைத்திருக்கும் தவரத்தினம் அண்ணையையும் அவர் மனைவி கோசலையையும் கூப்பிட்டாள். லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி. அண்ணை மூச்சிரைக்க ஏறிவந்து சோபாவில் விழுந்தார். ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்து வைத்தாயிற்று.

"இங்கே என்ன கல்யாணமா?" என்று மகள் டிலானி பிரெஞ்சில் கேட்டாள். பதினேழு வயது. அவள்தான் மொழிபெயர்க்க இருந்தாள்.

பரிசோதிக்க வந்த மனோன் இளம்பெண். அவளும் களைத்துத்தான் இருந்தாள். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சோபாவில் வரிசையாக இருந்தவர்களைப் பார்த்துத் திகைத்தாள். குழந்தை தூங்கும்போது பாண் வாங்கக் கீழே போகவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பாடமாக்கிய பிரெஞ்செல்லாம் சுகிர்தத்துக்கு அந்த நேரம் பார்த்துக் காற்றில் போயிற்று.

"சொல்லு பிள்ளை, மச்சாள் இருப்பா. இல்லாட்டி அண்ணையிட்டை விட்டிட்டுப் போவன். பிள்ளை ஒரு நிமிஷமும் ஆளில்லாமல் இராது எண்டு சொல்லு."

டிலானி சொன்னாள். "ஓம் ஓம், எங்கடை பிள்ளை மாதிரிப் பார்ப்பம்," என்று ஜெனிற்றா தலையாட்டினாள். மனோன் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு டிலானியின் பக்கம் திரும்பி, நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது உன்னை யார் பார்த்தது என்று கேட்டாள்.

யார் பார்த்தது? புருஷன் பேனாட் ரெஸ்டோரண்ட் குசினி வேலைக்குப் போனால் பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவான். ஜெனிற்றா ஞானஸ்நானத்துக்கு வந்தாள், அதன்பிறகு பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் நேரம் பார்த்து வந்தாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மரக்கறிப் பையுமாக ஐந்து மாடி ஏறியது சுகிர்தம் ஒருத்திதான். பிள்ளை கண்ணில் படவேண்டும் என்று குளியலறைக் கதவைக்கூடச் சாத்தாமல் குளித்தவள் அவள். மனோன் எதிர்பார்த்த பதிலும் அதுதான்.

டிலானி தாயைப் பார்த்தாள். தாயின் கண் ஜெனிற்றாவிடம் போய்க் கெஞ்சலோடு திரும்பி வந்தது.

"எல்லாரும்தான்," என்றாள் டிலானி பிரெஞ்சில். ஜெனிற்றா முகம் மலர்ந்து இன்னொரு ரோல்ஸ் எடுத்தாள்.

சில வாரங்களில் மறுப்பு வந்தது. அனுமதி ஒரு ஆளுக்குத்தான், குழந்தையை வேறு யார் கையிலும் விட முடியாது, அந்தப் பொறுப்பு தனக்கு மட்டுமே உரியதென்று இவருக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். மறுபடியும் விண்ணப்பிக்கலாமாம். வேலையால் வந்த உடுப்போடு குசினிக் கதிரையில் இருந்த சுகிர்தத்துக்கு அழக்கூடத் தெம்பில்லை. நாளைக்கும் அதே மெத்ரோ, அதே வாளி.

"நான் உண்மையைச் சொல்லியிருக்கோணும் அம்மா," என்றாள் டிலானி. வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் சொன்னாள்.

"இல்லைப் பிள்ளை. மாமிக்கு முன்னாலை நீ என்னை விட்டுக்குடுக்கேல்லை."

"மாமி எப்ப என்னைப் பார்த்தவ?"

"அதுதானே. எங்களுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

சுகிர்தமே மறுபடி கேட்டாள்.

"அதைப் பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறது?"

"எதை?"

"தனியத்தான் வளர்த்தனான் எண்டதை."

டிலானி சொல்லிக்கொடுத்தாள். சுகிர்தத்துக்கு நாக்குப் புரளவில்லை. மறுபடி சொன்னாள், அதற்கு மேலும் ஒருமுறை சொன்னாள். அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் எந்தப் பாஷையிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை.