பாரூக் நானாவின் நம்பர்

இந்த வாரம் ஒரு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பொதுவாக எனக்கு அது வராது — சந்தேகமிருந்தால் என் வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே பத்தியில் போன், இன்டர்நெட், பிரிண்ட் எல்லாம் பார்க்கும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? பெயர் போடவில்லை. ஆனால் தலவாக்கலை, போட்டோ கொப்பி மெஷின், வாசலில் மஞ்சள் பெஞ்சு என்றெல்லாம் எழுதிவிட்டு, பெயரை மட்டும் மறைத்து என்ன பயன்? பேப்பர் வந்த அன்றே பத்துப் பேர் அதைக் கொண்டுபோய், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பாரூக்கிடம் நீட்டிவிட்டார்கள்.

அவர் செய்த குற்றம் இதுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்க அவர் கடைக்கு வருவார்கள். ஆளுக்கொரு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுப்பார். கொண்டுவந்த சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அந்தக் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் கிளவுட் இடத்தில் போட்டும் வைப்பார். இதுவரை புண்ணியம். ஆனால், 'பாஸ்வேர்ட் மறந்துபோனால் எந்த போனுக்குத் தகவல் அனுப்புவது?' என்று கணக்கு ஒரு கேள்வி கேட்கும் அல்லவா? அந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே நம்பரைத்தான் போடுவார். தன்னுடைய சொந்த நம்பரை!

பாதி ஊரின் சாவி ஒருத்தர் சட்டைப் பையில். இதெல்லாம் பாதுகாப்பா? நேரில் போயும் சண்டை பிடித்தேன். மனிதர் மெஷினைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இவங்க ரீலோட் ஆஃபருக்காக மூணு மாசத்துக்கு ஒரு சிம் மாத்துறாங்க மிஸ். என் நம்பர் பதினெட்டு வருஷமா ஒண்ணுதான்."

இது ஒரு பதிலா என்று கோபத்தோடு வீட்டுக்கு வந்துதான் அந்தப் பத்தியை எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன மாதம் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே எட்டுத் தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் ஒன்று பற்றி எரிந்தது. காலை பத்து மணி. பெரியவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் பாடசாலையில். யாருக்கும் காயமில்லை — அந்த மட்டில் நிம்மதி. ஆனால் ஓடி வந்து பார்த்தபோது எட்டு வீட்டுக்கும் சுவர்தான் மிச்சம்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் சிலர் துணிமணி கொடுக்கப் போனோம். கோயில் மண்டபத்தில் எல்லாக் குடும்பங்களும் இருந்தன. ஒரு மூலையில் கௌசல்யா. இருபத்து நாலு வயது, தோட்டத்து முன்பள்ளியில் வேலை. திங்கட்கிழமை நுவரெலியாவில் அவளுக்கு ஆசிரிய உதவியாளர் நேர்முகப் பரீட்சை. அழைப்புக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, முன்பள்ளியின் சேவைக் கடிதம் — எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் அடுக்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாளாம். சூட்கேஸும் இல்லை, அலுமாரியும் இல்லை. சார்ஜில் போட்டுவிட்டுப் போன போனும் இல்லை.

"வயசு எல்லை முடியுதுங்க மிஸ். இதை விட்டா அடுத்த முறை நான் போட ஏலாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கே விண்ணப்பித்தாய் என்று கேட்டேன். பாரூக் நானா கடையில் என்றாள். நான் கிழித்த அதே கடை.

அவளையும் அவள் அம்மா ராஜேஸ்வரியையும் அழைத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். கடையில் நானா இல்லை. ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். கௌசல்யா பாஸ்வேர்ட் அடித்தாள். தவறு. இன்னொன்று... அதுவும் தவறு. எப்போதும் போனே ஞாபகம் வைத்திருந்ததை, விரல் எப்படி ஞாபகம் வைத்திருக்கும்?

மறந்துவிட்டது என்று அழுத்தினோம். ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது கணக்கு. யாருக்கு? பள்ளிவாசலில், அணைத்துவைத்த போனோடு தொழுதுகொண்டிருந்த மனிதருக்கு.

மஞ்சள் பெஞ்சில் உட்கார்ந்தோம். புதிய பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டிய பிரதேச செயலகம் நாலேகாலுக்கு மூடிவிடும். சனி, ஞாயிறு லீவு. மணி பன்னிரண்டரை.

ராஜேஸ்வரி மெதுவாகக் கேட்டார். "நம்ம வீட்டுக்குள்ள பூட்டி வச்சதே போயிருச்சு. யாரு வீட்டுலயோ கிடக்கிறது இருக்குமாங்க?"

கிளவுட் என்றால் வானத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். எங்கேயோ ஒரு கம்பனி பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை ராப்பகலாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. நம் பேப்பர், படம், எல்லாவற்றையும் அதில் கொஞ்சம் இடம் வாங்கி வைக்கிறோம். ஒரு கம்ப்யூட்டர் பழுதானாலும் இன்னொன்றில் பிரதி இருக்கும். நம் போன் எரியலாம், வீடு எரியலாம்... பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கலாம்.

அவர் தன் வெறும் காதைத் தொட்டுக்கொண்டார். "அப்ப என் தோடு மாதிரி."

எனக்கு விளங்கவில்லை. தோடு பேங்கில் அடகில் இருக்கிறதாம். அதனால்தான் நெருப்புக்குத் தப்பியதாம். இத்தனை வருடம் நான் கட்டுரை எழுதி விளக்காததை அந்த அம்மா நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்!

ஒன்றே காலுக்கு நானா வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. போனைப் போட்டார், ஆறு இலக்கத்தை வாசித்தார். நேரம் கடந்துவிட்டது என்றது கணக்கு. திரும்ப அனுப்பச் சொன்னோம். அரை நிமிடத்தில் அது வந்து சேர்ந்தது, கௌசல்யா ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள்.

திறந்தது.

எல்லாம் இருந்தன! பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு, சேவைக் கடிதம், பிறகு மின்னஞ்சலில் வந்திருந்த அழைப்புக் கடிதம் உட்பட. கோப்புக்கு நானா வைத்திருந்த பெயர்: 'கௌசல்யா வட்டகொடை தொலைக்க வேண்டாம்.' கௌசல்யா அப்போதுதான் அழுதாள். நானும்தான் — எழுதிவிட்டேன், போகட்டும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு செயலகத்துக்கு ஓடினோம். அங்கே கவுண்டரில் இருந்த சிங்கள அதிகாரி நோனா கேட்ட முதல் கேள்வி, பிறப்புப் பதிவு நம்பர் இருக்கிறதா என்பதுதான். இல்லாவிட்டால் தேடி எடுக்க நாளாகுமாம். பிரிண்டை நீட்டினோம். மூன்றரைக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ் கையில். மற்றவற்றுக்கு பிரிண்டும் பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் பிரதியும் போதும், மூலத்தைப் பிறகு கொண்டு வா என்று திங்கட்கிழமை நேர்முகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சரி, எனக்கும் என் வியாபாரத்துக்கும் இதில் என்ன என்று கேட்கும் கடைக்கார வாசகர்களே... நானாவையே கேளுங்கள். ஒரு தடவை இடி விழுந்து அவர் கம்ப்யூட்டர் கருகியது. ஊரின் கல்யாணப் பத்திரிகை டிசைன் அத்தனையும் அதோடு போயிற்று. அன்றிலிருந்து எதையும் கடைக்குள் வைப்பதில்லை. இறம்பொடையில் மூன்று அறை வைத்து விருந்தினரை எடுக்கும் ஒரு தம்பதியைத் தெரியும். புக்கிங் தாள் கிளவுட்டில். கொழும்பில் இருக்கும் மகள் அங்கிருந்து ஒரு பெயரை எழுதினால், இங்கே அம்மா போனில் பார்த்துப் படுக்கை விரிக்கிறார். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு அசடு வழிந்த காலம் மலையேறிவிட்டது. பெரிய கம்பனிகள் கம்ப்யூட்டரையே வாங்காமல் இப்படி வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துகின்றன. தேவைக்குக் கூட்டலாம், குறைக்கலாம். இலவச இடம் நிரம்பினால் மாதக் கட்டணம் கேட்பார்கள், அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மன்னிப்பு. நானா, நீங்கள் சொன்னது சரி. நாங்கள் சிம் மாற்றுகிறவர்கள்தான். மாறாத நம்பர் ஒன்று ஊருக்குத் தேவையாகத்தான் இருந்தது.

ஆனாலும் பாதி ஊரின் சாவி உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது — இதில் நான் இறங்கிவரப் போவதில்லை. அவரும் ஒத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் வீட்டில் நம்பர் மாற்றாத ஒருவரின் நம்பரைச் சேர்க்கிறார். அநேகமாக அது அம்மாவுடையதாகத்தான் இருக்கிறது. தன் நம்பரை எடுத்துவிடவா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். ஒருத்தர்கூட எடுக்கச் சொல்லவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

போன புதன்கிழமை அந்தப் பக்கம் போனேன். மஞ்சள் பெஞ்சில் கௌசல்யா. கையில் நீள உறை. நியமனக் கடிதம்! அடுத்த மாதம் முதலாம் திகதி பாடசாலைக்குப் போகிறாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லைங்க மிஸ். போன்ல சொன்னேன். முதல்ல ஸ்கேன் பண்ணிட்டு வான்னுட்டாங்க."