முனிரத்தினம் கொடுத்த லைன் கிளியர்

செவ்வாய்க்கிழமை மதியம் மஸ்கட்டில் வேலையில் இருந்தபோது சித்தூரிலிருந்து முனிரத்தினத்தின் மகள் போன் செய்தாள். "நைனா பூட்டாரு மாமா" என்றாள். முனிரத்தினம் இறந்துவிட்டார். என் பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருக்கிறது. கேட்டாலும் உடனே கிடைக்காது. வர முடியாததால், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

புத்தலப்பட்டைத் தாண்டி இருந்த அந்தச் சப்ஸ்டேஷனில் அவர் ஆபரேட்டர், நான் ஷிப்டில் இரண்டாவது ஆள். எட்டு மணி நேரம் அறையை விட்டு நகர முடியாது. நான் விசா வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். அவர் மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றிய ஒரு கிழிந்த தெலுங்குப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். செத்த தவளையின் கால் துடித்ததைப் பற்றி இரண்டு இத்தாலிக்காரர்கள் போட்ட சண்டையில் பேட்டரி பிறந்ததை, பங்காளிச் சண்டை போலச் சொல்வார். "பட்டம் வுட்டு இடியப் புடிச்சவர ஊருக்கே தெரியும். ரஷ்யாவுல அதே இடிய அளக்கப் போயி, கம்பிகிட்ட நின்னு செத்தாரே ஒரு பேராசிரியர், அவர யாருக்குப்பா தெரியும்?" என்று வருத்தப்படுவார். "அவரு உங்களுக்குச் சம்பந்தி முறையாண்ணா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒரு கோடைக் காலையில் லைன்மேன் சண்முகம் அறுந்த கம்பியைக் கட்ட, முனிரத்தினம் கரெண்டை நிறுத்தி எழுதிக் கொடுத்த லைன் கிளியரை வாங்கிப் போனான். அவனே திரும்பி வந்து, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும்வரை அந்த லைனில் கரெண்ட் விடக் கூடாது. மூன்று மணியாகியும் அவன் வரவில்லை. வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாயாத ஆத்திரத்தில் முப்பது நாற்பது பேர் வந்து எங்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். முன்னால் நின்றவர் முனிரத்தினத்தின் தம்பி.

"கூடப்பொறந்தவன் பயிரு கருகிக்கினு கீது. ஸ்விட்ச்ச போடுண்ணா."

"கம்பத்து மேல ஒருத்தன் கீறான்டா."

"காலைல போனவன் இன்னுமா கீறான்? எங்கனா பட்த்துனு கீறான்."

ஜன்னல் கண்ணாடி உடைந்தது. எனக்கு அடுத்த வாரம் விசாவுக்கான மெடிக்கல். கை கால் உடைந்தால் எல்லாம் போச்சு. "இந்நேரம் எறங்கியிருப்பாண்ணா, போட்டுடலாம்" என்றேன். சொன்னதோடு நிற்காமல் எழுந்து ஸ்விட்சின் கைப்பிடியை நோக்கிப் போனேன்.

முனிரத்தினம் குறுக்கே வந்து பேனலில் முதுகை ஒட்டி நின்றார். "ரஷ்யாவுல செத்தவருக்குத் தெரியாது, செத்தாரு. நமக்குத் தெரியும்பா" என்றார். தம்பி வெளியிலிருந்து அம்மாவை இழுத்துத் திட்டினார். இவர் நகரவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நாலரைக்குச் சண்முகம் சைக்கிளில் வந்தான். இன்னொரு இடத்திலும் கம்பி அறுந்திருந்ததாம். பூட்டைத் திறந்து அவனை உள்ளே விட்டார்கள். கையெழுத்துப் போட்டான், லைனில் கரெண்ட் விட்டோம், கூட்டம் கலைந்தது. தம்பி அதன்பின் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

நான் கைப்பிடியை நோக்கிப் போன நேரத்தில் சண்முகம் கம்பத்தின் மேல்தான் இருந்தான். நான் ஸ்விட்ச் போடப் போனதை முனிரத்தினம் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, சண்முகத்திடம்கூட. இன்று நான் சொல்கிறேன். ஊருக்கு வர முடியாமல் இந்த அறையில் கிடக்கிறேன். ஆனால் ஒரு மனிதனைக் கொல்லாதவனாகக் கிடக்கிறேன். அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அதுதான்.